நீ எந்த ஜில்லா என்று கேட்டார்கள்

அக்கா,

காம்பஸ் டப்பாவைத் திறந்ததும் ஆஸ்பத்திரி வாசனை வந்தது. முந்தாநாள் பள்ளிக்கூடத்தில் ஊசி குத்துவதற்கு முன்னால் என் கையில் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்த பஞ்சு அது. எறியச் சொன்னார்கள். எறியாமல் டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டேன். ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இப்போது திறந்ததும் நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. டவுன் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், மரபெஞ்சியில், சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாயே, அந்த மாதிரி.

ஆத்தாவும் அய்யாவும் தூங்குகிறார்கள். சிம்னி விளக்கின் திரியை இறக்கி, வெளிச்சம் அவர்கள்மேல் விழாமல் முதுகால் மறைத்துக்கொண்டு எழுதுகிறேன். உன்னைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. பேச்சு வந்தால் ஆத்தா எழுந்து மாட்டுக்கொட்டகைக்குப் போய்விடுகிறாள். அதனால் உன்னிடமே சொல்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. என் கை வீங்கியிருக்கிறது.

காசநோய்க்குத் தடுப்பு ஊசி போடுகிறவர்கள் ஜீப்பில் வந்திருந்தார்கள். முதலில் ஒரு சோதனை ஊசி. முழங்கைக்குக் கீழே, தோலுக்குள் மெல்லக் குத்துகிறார்கள். மூன்றாம் நாள் திரும்பி வந்து பார்ப்பார்களாம். ஒன்றும் இல்லாவிட்டால் தடுப்பு ஊசி போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். தடித்து வீங்கியிருந்தால் பேரை எழுதிக்கொள்வார்கள். நேற்று என் பெஞ்சியில் இதே பேச்சுத்தான்.

"வீங்குனவளையெல்லாம் ஜீப்புல ஏத்திக்கிட்டுப் போயிருவாங்களாம்டி."

"போடி, ஜீப்புல அவங்க உக்காரவே எடமில்ல. டீச்சர் மேசைக்குப் பக்கத்துல தனிப் பெஞ்சி போடுவாங்களாம்."

"அப்ப எனக்கு வீங்கட்டும். டீச்சர் நோட்டப் பாத்தே கணக்குப் போட்டுருவேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் கையைத் தாவணிக்குள் வைத்துக்கொண்டு சிரித்தேன். அவர்கள் கையில் கொசு கடித்த மாதிரி ஒரு புள்ளி. என் கையில் சிவந்து, தொட்டால் கட்டியாக, நடுவில் கொஞ்சம் கொப்புளித்திருக்கிறது.

இன்று சாயங்காலம் தலை பின்னும்போது ஆத்தா பார்த்துவிட்டாள்.

"இதென்னடி கையில?"

"கட்டெறும்பு, ஆத்தா."

பின்னுவதை நிறுத்திவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பின்னலை இழுத்து இறுக்கி முடிந்தாள். வலித்தது. சாப்பாடு ஆனதும் அய்யாவிடம், "நாளைக்கு மொத பஸ்சுல இவளக் கூட்டிக்கிட்டு ஜெகதாப்பட்டினம் போறேன். அண்ணன் வீட்டுல நாலு நாள் இருந்துட்டு வாரோம்" என்றாள்.

"பள்ளிக்கூடம் இருக்கே?"

"நாலு நாள் போகலைன்னா பள்ளிக்கூடம் ஓடிராது."

நாளைக்குத்தான் ஜீப் திரும்ப வருகிறது. ஊரெல்லாம் அதே பேச்சு, ஆத்தாவுக்கும் தெரியும். உன் நோவு இந்த வீட்டுக்குள் இன்னும் இருக்கிறது என்று நாலு பேர் முன்னால் யாரும் எழுதிவிடக் கூடாது என்று நினைக்கிறாள். எனக்கும் ஒருநாள் மாப்பிள்ளை தேட வேண்டுமே. போய்விடலாம் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது, அக்கா. மாமன் வீட்டில் கடல் தெரியும். யாரும் கையைப் பார்க்க மாட்டார்கள். ஆனால் படுத்தால் தூக்கம் வரவில்லை. நீயும் இப்படித்தான் ஒருநாள் பஸ்ஸில் ஏற்றப்பட்டு வந்தாய்.

உன் கல்யாணத்தின்போது ராஜா ஆண்ட சமஸ்தானம் போய்விட்டிருந்தது. அதில் இருந்த, நீ வாழப் போன அன்னவாசல் பக்கத்து ஊர்கள் திருச்சி ஜில்லாவில் சேர்ந்துவிட்டன. நம் ஊர் எப்போதும்போலத் தஞ்சாவூர் ஜில்லா. பந்தியில் யாரோ, "என்னங்க, பொண்ண வேத்து ராஜ்ஜியத்துக்கு அனுப்புறீங்க?" என்று கேலி பேசினார்கள். அய்யா இலைக்கு இலை மோர் ஊற்றிக்கொண்டே, "ராஜ்ஜியமெல்லாம் ஏதுங்க இனிமே? எல்லாம் ஒண்ணுதான்" என்று சிரித்தார். அன்று எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது.

லீவுக்கு உன் வீட்டுக்கு வந்தேனே, அப்போது சித்தன்னவாசல் பாறையில் ஏறினோம். நீ எப்போதும் எனக்கு முன்னால் ஓடுகிறவள். அன்றைக்குப் பாதியில் உட்கார்ந்துவிட்டாய். அத்தான் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். வீட்டுக்கு வந்ததும் உன் மாமியார் உன் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னடியம்மா, நல்ல சேதிதானே?" என்று கேட்டார். நீ வெட்கப்படுவாய் என்று எல்லாரும் காத்திருந்தோம். நீ இருமினாய்.

டவுன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்த டாக்டர், அத்தானிடம் உள்ளதைச் சொல்லிவிட்டார். நெஞ்சில் பழுது. அதற்கென்று படித்த டாக்டர் இந்தப் பக்கம் எங்கேயும் கிடையாது. ரயிலேறித்தான் போக வேண்டும். அந்த நெஞ்சு ஆஸ்பத்திரியிலும் கட்டில்களை ஜில்லாவுக்கு இத்தனை என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். பேர் எழுதி வைத்திருக்கிறேன், முறை வரும்போது புறப்பட்டு வரச் சொல்லி உங்கள் ஊருக்கு அட்டை வரும் என்று சொல்லி அனுப்பினார்.

அட்டை வரும்வரை சும்மா இருப்பானேன் என்று உன் மாமியார் உன்னை இங்கே அனுப்பினார். அவரைப் பற்றித் தப்பாக நினைக்க எனக்கு மனசு வரவில்லை. உடம்புக்கு முடியாத மருமகளை ஆத்தா வீட்டுக்கு அனுப்புவதுதான் மரியாதை. வைத்துக்கொண்டால்தான், முடியாத பெண்ணிடம் வேலை வாங்குகிறாள் என்று ஊர் பேசும். "ஆத்தா கையால ரெண்டு மாசம் சாப்பிட்டா பாதி நோவு போயிரும்" என்று சொல்லி, நீ பால் குடிக்க வேண்டுமென்று ஒரு கறவை ஆட்டையும் பஸ் கூரையில் ஏற்றிக் கட்டி அனுப்பினார். வழியெல்லாம் அது கத்திக்கொண்டே வந்ததாம். இறங்கியதும் நீ சொன்னாய்: "நான் அழுகலை, ஆத்தா. எனக்கும் சேத்து அதுவே அழுதுருச்சு."

ஆத்தா உனக்குத் தனித் தம்ளர் வைக்க மாட்டேன் என்று அடம் பிடித்தாள். நீயே எடுத்து வைத்துக்கொண்டாய். கொட்டகைக்கு அடுத்த அறையில் படுத்துக்கொண்டு, நான் வாசப்படி தாண்டினால் அதட்டுவாய். "அங்கிட்டே நில்லு, கலெக்டரு. மனுவ அங்க இருந்தே வாசி." நான் பேப்பரைச் சத்தமாகப் படிப்பதால் எனக்கு அந்தப் பட்டம். முற்றத்துக்கு அந்தப் பக்கம் நின்று படிப்பேன். நீ படுத்தபடியே கேட்டுக்கொண்டிருப்பாய். பக்கத்து வீட்டார் கேட்டால் ஆத்தா "சளி" என்பாள். "ஆமாம், ராஜசளி" என்று நீ உள்ளேயிருந்து குரல் கொடுப்பாய். ஆத்தாவுக்குக் கோபம் வரும். எனக்குச் சிரிப்பு வரும்.

அட்டை வந்தது. உன் மாமியார் வீட்டுக்கு வந்தது. அத்தான் வெளியூர் போயிருந்தாராம். அட்டையோடு வந்த மணியகாரரின் ஆளிடம் உன் மாமியார் ஒளிவுமறைவு இல்லாமல், "எங்க மருமக அவ ஆத்தா வீட்டுல இருக்குங்க, அறந்தாங்கிக்கு அங்கிட்டு" என்று சொன்னார். கொஞ்சம் பெருமையாகவே சொல்லியிருப்பார், மருமகளை எவ்வளவு நல்லபடியாக அனுப்பி வைத்திருக்கிறோம் என்று. ஊர் மணியகாரர் அதையே அட்டையில் எழுதித் திருப்பிவிட்டார். அத்தான் திரும்பி வந்து விஷயம் தெரிந்ததும், சைக்கிளிலேயே அவ்வளவு தூரமும் மிதித்து வந்தார். வாசலில் சைக்கிளைப் போட்டுவிட்டு அவர் அழுததை நான் பார்த்தேன். நீ ஜன்னல் வழியே, "அட்டைதானே போச்சு, நான் இன்னும் இங்கதானே இருக்கேன்" என்றாய்.

மறுநாள் நீயும் அய்யாவும் டவுன் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டீர்கள். அய்யாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும் என்பதால், தாள் எதுவும் கொடுத்தால் படிக்க என்னையும் கூட்டிப் போனீர்கள். அந்தக் குமாஸ்தாவை என்னால் மறக்க முடியவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, நம் ஆள் ஒருவர் மாதிரித்தான் பேசினார்.

"பேரு இருக்குங்க. அட்டையும் போயிருக்கு. 'மேற்படி நபர் இவ்வூரில் இல்லை, தஞ்சாவூர் ஜில்லாவிலுள்ள தாய் வீட்டில் இருக்கிறார்'னு எழுதித் திரும்பிருச்சு. கட்டிலு அடுத்த ஆளுக்குப் போயிருச்சு."

"மறுபடி எழுதுங்க, சாமி."

"எழுதலாம். இப்ப இந்தப் பொண்ணு எந்த ஜில்லா? எங்க இருக்கு?"

"எங்க வீட்டுலதாங்க."

"ஒங்க வீடு தஞ்சாவூர் ஜில்லா. நான் எழுதுறது திருச்சி ஜில்லாவுக்கு." அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பெரியவரே, நிதானமாக் கேளுங்க. கல்யாணமான பொண்ணு. புருஷன் வீடுதானே அதுக்கு வீடு? ஒங்க வீட்டுக்கு என்னமோ நாலு நாள் விருந்தாடியா வந்திருக்கு. அப்படித்தானே?"

பெஞ்சியில் இருந்த நீ தலையை நிமிர்த்தினாய். எனக்கும் ஏதோ புரிகிற மாதிரி இருந்தது. ஆனால் அய்யாவின் முகம் மாறிவிட்டது. தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க இப்படிக் கேட்டுட்டீங்க? நாலு நாள் வந்துட்டுப் போற விருந்தாடியா அவ? நோவு வந்ததுலேருந்து நாங்கதாங்க வச்சுப் பாக்குறோம். எம் பொண்ண நான் கைவிடலைங்க. எத்தனை மாசமானாலும் எங்க வீட்டுலதான் இருப்பா. நல்லா எழுதிக்குங்க."

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். நமக்குப் பின்னால் வரிசை வாசல்வரை நின்றது. ஒரு கிழவர் இருமினார். "சரிங்க" என்று சொல்லி, அய்யா சொன்னதை எழுதினார். பிறகு பியூனைக் கூப்பிட்டு, "அந்தப் பொண்ணுக்கு ஒரு சோடா வாங்கிக் குடுப்பா" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் நீ ஜன்னலோரம் உட்கார்ந்தாய். அய்யா முன்னால் டிரைவரோடு பேசிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் தான் சரியாகப் பதில் சொல்லிவிட்டதாக அவருக்குத் திருப்தி. பழைய எல்லைக்கல் வந்தது. நீ அதைக் கண்ணால் காட்டினாய்.

"சமஸ்தானம் போயிருச்சு. கல்லு மட்டும் போகலை பாரு. பஸ்சு நிக்காமத் தாண்டுது. நான் மட்டும் நிக்கணுமாம்."

"அந்தக் குமாஸ்தா..." என்று நான் ஆரம்பித்தேன்.

"அவரு வழி காட்டுனாரு. அய்யா பாசம் காட்டுனாரு."

"நீ சொல்லியிருக்கலாம்ல, அக்கா?"

"என்னன்னு சொல்றது? 'அய்யா, நான் ஒங்க வீட்டுப் பொண்ணு இல்லைன்னு சொல்லுங்க'ன்னா?" என்றாய். கொஞ்ச தூரம் போனதும் முகத்தை ஜன்னல் பக்கமே வைத்துக்கொண்டு சொன்னாய்: "ஒன்னைய யாராச்சும் எங்க இருக்கேன்னு கேட்டா, எதுக்குக் கேக்குறாங்கன்னு மொதல்ல கேட்டுக்க. அப்புறம் பதில் சொல்லு."

அதற்குப் பிறகு நம் ஜில்லாவில் பேர் எழுதப் போனோம். அங்கே, படம் வேறு ஜில்லாவில் எடுத்தது, இங்கே புதிதாக எடுக்க வேண்டும் என்றார்கள். நீ புருஷன் ஊரை விட்டு வந்துவிட்டதற்கு அந்த ஊர் மணியகாரரிடம் சான்று வேண்டும் என்றார்கள். அத்தான் அதற்கு அலைந்தார். வாங்கி வந்தால், இதில் முத்திரை இல்லை என்றார்கள். மறுபடி அலைந்தார். 'புருஷனை விட்டுப் பிரிந்து' என்று அதில் ஒரு வரி இருந்ததைப் பார்த்துவிட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டே அந்தத் தாளை நீட்டினார். நீ அதை வாங்கிப் படித்துவிட்டு, "நல்ல மாப்பிள்ளையாப் பாத்து இன்னொண்ணு கட்டிக்கலாம் போல" என்றாய். அத்தான் சிரித்துவிட்டார். அன்றைக்கு இந்த வீட்டில் அவரைச் சிரிக்க வைக்க உன்னால்தான் முடிந்தது.

நீ ஒருமுறை ஆத்தாவிடம் கேட்டாய், ஞாபகம் இருக்கிறது. "நான் அங்கயே போயி இருக்கேனே, ஆத்தா. அங்க இருந்தா பழைய வரிசையில திரும்ப எழுதுவாங்க." ஆத்தா அடுப்பை விட்டு எழுந்து வந்தாள். "வச்சுப் பாக்க முடியாம தொரத்தி விட்டுட்டான்னு ஊரு சொல்லணுமா? ஒன்னைய அனுப்பிட்டு நான் இங்க சோறு திங்கணுமா?" நீ அப்புறம் கேட்கவில்லை. நான் வாசப்படிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினாய், விட்டுவிடு என்கிற மாதிரி.

ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்தது. நீ கேலி பேசுவது நின்றுபோனது. நான் படிக்கும்போது, "கலெக்டரு, சத்தமா" என்று மட்டும் சொல்வாய். நான் சத்தமாகத்தான் படித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் விடியற்காலை ஆத்தாவின் குரல் கேட்டு ஓடிவந்தேன். அன்றைக்குத்தான் வாசப்படி தாண்டி உன்னிடம் வந்தேன். என்னை அதட்ட நீ இல்லை.

யோசித்துப் பார்க்கிறேன், அக்கா. யாரும் உனக்குக் கெடுதல் நினைக்கவில்லை. உன் மாமியார் ஆடு கொடுத்தார். குமாஸ்தா சோடா வாங்கிக் கொடுத்தார். டாக்டர் உள்ளதைச் சொன்னார். அய்யா உன்னைக் கைவிடவில்லை. இத்தனை பேரும் உன்மேல் இரக்கப்பட்டும், நெஞ்சு டாக்டர் உன்னை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. அவர் இருந்த ஊரில் நீ பிறந்திருந்தால் நடந்தே போயிருப்பாய். ரிக்‌ஷாவில் போயிருந்தாலும் ஒருவரும் உன்னை எந்த ஜில்லா என்று கேட்டிருக்க மாட்டார்கள். இதை யாரிடம் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. வளர்ந்தால் தெரியுமோ என்னவோ.

முந்தாநாள் ஊசி போட்ட நர்ஸம்மா என் பேரை எழுதிவிட்டு, "வீடு எங்க, பாப்பா?" என்று கேட்டார். பதில் சொல்லுமுன் நான், "எதுக்குங்க கேக்குறீங்க?" என்றேன். பக்கத்தில் நின்ற டீச்சர் முறைத்தார். நர்ஸம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "வீங்கியிருந்தா ஒங்க வீட்டுல உள்ளவங்களையும் பாக்கணும்ல, அதுக்குத்தான்" என்றார்.

"வீங்குனா நோவாங்க?"

"அப்படியில்லை. நெறையப் பேருக்கு வீங்கும், ஒண்ணும் இருக்காது. இருமல், காய்ச்சல் இருந்தா படம் எடுத்துப் பாப்போம். இப்பவே பாத்துட்டா மருந்து இருக்கு." பஞ்சை என் கையில் அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டுத் தொடர்ந்தார்: "ஆனா நான் வரயில நீ இங்க இருக்கணும், தெரியுதா? இந்தப் பக்கம் மறுபடி எப்ப அனுப்புவாங்கன்னு எனக்கே தெரியாது."

சாயங்காலமானால் எனக்கு உடம்பு லேசாகக் காய்கிறது. பயத்தில் காய்கிறதா, வேறு எதுவுமா என்று தெரியவில்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

ஆத்தா மேல் எனக்குக் கோபம் இல்லை. உன்னைக் கையோடு வைத்துக்கொண்டு காப்பாற்றிவிடலாம் என்று அப்போது நினைத்தாள். என்னைக் கொண்டுபோய் ஒளித்து வைத்துக் காப்பாற்றிவிடலாம் என்று இப்போது நினைக்கிறாள். இரண்டும் ஒரே நினைப்புத்தான். காலையில் அவள் முகத்தைப் பார்த்து "வர மாட்டேன்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. அழுதுவிடுவேன். அவளும் அழுவாள், பஸ்ஸும் வந்துவிடும்.

அதனால் ஒரு காரியம் செய்துவிட்டேன். ஊருக்குக் கட்டி வைத்திருந்த மூட்டையை அவிழ்த்து, பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொள்ளும் நீலப் பாவாடையையும் வெள்ளைத் தாவணியையும் எடுத்து உடுத்திக்கொண்டேன். கையைத் தாவணிக்குள் மறைக்காமல் வெளியே வைத்திருக்கிறேன். ஆத்தா கண் விழித்ததும் முதலில் என் கையைத்தான் பார்ப்பாள். அய்யாவும் பார்ப்பார். அவரிடம் நான் காய்ச்சலையும் சொல்வேன். பள்ளிக்கூடத்துக்குக் கூட வாருங்கள் என்பேன். யாராவது ஏதாவது கேட்டால், பதில் சொல்லுமுன் என்னைப் பாருங்கள், அய்யா, என்பேன்.

கோழி கூவிவிட்டது. ஆத்தா புரண்டு படுக்கிறாள். நான் விளக்கை அணைக்கவில்லை, அக்கா. திரியை ஏற்றிவிட்டு இப்படியே உட்கார்ந்திருக்கிறேன்.